ரோலர் படுத்துவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"பாஸ், ரோலர் ஸ்டார்ட் ஆகுதில்ல."

காலை ஆறரைக்குப் போன் அடித்தால் அநேகமாக இந்த வசனம்தான் காதில் விழும். பின்னால் கிரவல் கொண்டுவந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருப்பான். நான் என்ன கோளாறு என்று உடனே கேட்பதில்லை. "நேற்றுக் கடைசியா அதில கை வச்சது யார்?" என்றுதான் கேட்பேன். ஒப்பரேட்டர்மார் சிலருக்கு இது கோபத்தைக் கிளப்பும், தங்களைக் குற்றம் சொல்வதாக நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல. வீதியையும் மண்ணையும் இறுக்கும் ரோலர் இரும்பும் ஒயிலும் சேர்ந்த முரட்டுச் சாமான். ஒரே இரவில் தானாகக் கெடுவது குறைவு. யாரோ ஒன்றைத் திறந்திருப்பார், மூட மறந்திருப்பார். ஒருகொடவத்தைப் பக்கம் வேர்க்‌ஷொப் போட்டுக் கொழும்பு முழுக்க சைட் சைட்டாக அலைந்ததில் நான் படித்த பாடத்தில் பாதி இதுதான்.

கீழே எழுதுவது அதிகமும் பத்துப் பன்னிரண்டு தொன் ஒற்றை ட்ரம் (இரும்பு உருளை) மண் ரோலரைப் பற்றியது. தார் வேலைக்கு வரும் இரட்டை ட்ரம் வண்டி, டயர் ரோலர் இரண்டும் இடையிடையே வரும். அளவுகளுக்கு உங்கள் வண்டியின் கையேடுதான் கடைசி வார்த்தை.

கை வைப்பதற்கு முன்

சமதரையில் நிறுத்துங்கள். வைப்ரேஷனை, அதாவது ட்ரம்மின் உதறலை நிறுத்தி, லீவரை நியூட்ரலில் விட்டு, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை உங்கள் சட்டைப் பைக்குள் போடுங்கள். வண்டியிலேயே விட்ட சாவி இன்னொருத்தர் கைக்குப் போகும்.

அடுத்தது இடுப்பு மூட்டு. முன்பாதியும் பின்பாதியும் மடியும் அந்த இடத்தில் ஒரு லொக் பின் தொங்கும். கிறீஸ் அடிக்கவோ ஹோஸ் பார்க்கவோ அந்த இடைவெளிக்குள் போக வேண்டுமானால் முதலில் அந்தப் பின்னைப் போட்டுவிட்டுப் போங்கள். பல வருடங்களுக்கு முன், நான் உள்ளே குனிந்து கிறீஸ் நிப்பிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலே இருந்த பையன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பினான். என் முதுகில் இரும்பு வந்து தொட்டது. தொட்டதோடு நின்றது. நான் போட்ட சத்தத்தில் அவன் கையை எடுத்திருக்கிறான். ஒரு ஆள் தாராளமாக நிற்கும் இடைவெளி, முழுதாகத் திருப்பினால் ஒரு கைப்பிடி அகலத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு அந்த லொக் பின்னை மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஸ்டார்ட் ஆகுதில்ல"

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? பற்றரியைத் திட்டுவதற்கு முன் நாலு இடம் பாருங்கள். பின்பக்கம் இருக்கும் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா? சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் உள்ளே அமுங்கியிருக்கிறதா? லீவர் சரியாக நியூட்ரலில் விழுந்திருக்கிறதா? சீட்டில் ஆள் இருக்கிறாரா? காவலாளி இரவில் பொத்தானை அமத்தி வைப்பதும், காலையில் ஒப்பரேட்டர் அதைப் பார்க்காமல் பற்றரிக்காரனைக் கூப்பிடுவதும் நான் பல தடவை கண்ட கூத்து.

டிக் டிக் என்று மட்டும் கேட்டால் பற்றரித் தலையைப் பாருங்கள். காலிமுகத் திடலையும் துறைமுகத்தையும் ஒட்டிய சைட்களில் கடல்காற்றுக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, பிரஷ் போட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வஸ்லின் பூசுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

ஸ்டார்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் டீசல் பக்கம் போங்கள். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. கிடைத்த டீசலையும் பீப்பாயில் அடைத்து வைத்தார்கள். தாங்கிக்குள் தண்ணீர் இறங்கி, அடியில் கறுப்புச் சளி மாதிரிப் படிந்ததை அப்போதுதான் நிறையப் பேர் முதன்முறை கண்டார்கள். நீர்ப் பிரிப்பான் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். கீழே தனி அடுக்காக நின்றால் அது தண்ணீர். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு, பில்டரை மாற்றி, கைப்பம்பால் காற்றை வெளியேற்றிய பிறகு முயலுங்கள்.

இன்னொன்று. சீட் சுவிட்ச் தொல்லை தருகிறது என்று இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கிவிட்டுப் போகும் மெக்கானிக் பாஸ்மார் இருக்கிறார்கள். அந்த முறுக்கை எந்த வண்டியில் கண்டாலும் நான் முதலில் அதைத்தான் பிரிப்பேன். ஆள் இறங்கிய பிறகும் நகரக்கூடிய பத்துத் தொன் வண்டியை நான் திருத்தித் தர மாட்டேன்.

"எஞ்சின் ஓடுது, வண்டி போகுதில்ல"

இங்கேதான் அந்தக் கேள்வி நன்றாக வேலை செய்யும். நேற்று வண்டியை யாராவது கட்டி இழுத்தார்களா?

இந்த வண்டிகளுக்கு கியர்ப் பெட்டியை நம்பிய ஓட்டம் கிடையாது. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் தள்ளும் ஒயில் ட்ரம்மிலும் பின் அச்சிலும் உள்ள மோட்டர்களைச் சுற்றும். எஞ்சின் நின்ற வண்டியை இழுக்க வேண்டுமானால் பம்பில் உள்ள இழுவை வால்வைத் திறந்து ஒயிலுக்குச் சுற்றுவழி விட வேண்டும். பிரேக்கையும் கையால் விடுவிக்க வேண்டும். இழுத்து முடிந்த பிறகு வால்வைத் திரும்ப மூடாவிட்டால் ஒயில் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி அசையாது. புதுப் பம்ப் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குக் காசோடு கிளம்பிய ஒருவரை நான் ஒரு ஸ்பேனரோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பிரேக்கை விடுவித்த வண்டியைச் சரிவில் விடாதீர்கள். அந்த பிரேக் ஸ்பிரிங்கால் பிடித்து ஒயில் அழுத்தத்தால் விடுபடும் வகை. ஒயில் இல்லாவிட்டாலும் தானாகப் பிடிப்பதுதான் அதன் நல்ல குணம். அதைக் கையால் விடுவித்தபின் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே அந்த வேலை.

வால்வு சரியாக இருந்தும் இழுவை குறைந்தால், எந்த நேரத்தில் குறைகிறது என்று கேளுங்கள். காலையில் நன்றாகப் போய்ப் பதினொரு மணிக்குச் சோர்ந்தால் ஒயில் சூடேறி இளகுகிறது. ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் அடைத்திருக்கும், அல்லது பம்ப் தேய்ந்திருக்கும். காலையிலிருந்தே சோர்வு என்றால் ஒயில் மட்டம், உறிஞ்சு பக்க பில்டர், சார்ஜ் அழுத்தம் (பெரிய பம்புக்கு ஒயில் ஊட்டும் சின்னப் பம்பின் அழுத்தம்) என்ற வரிசையில் பாருங்கள். மட்டம் பார்க்கும் கண்ணாடியில் ஒயில் பால் ஊற்றிய தேத்தண்ணி மாதிரி வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை நின்றால் உறிஞ்சு ஹோஸின் கிளிப் தளர்ந்து காற்றை இழுக்கிறது. வெளிறிய ஒயிலோடு இன்னும் அரைநாள் ஓட்டினால் மிச்சம் பிடித்த காசு முழுக்கப் பம்புக்குப் போகும்.

"முள்ளு சிவப்புக்குப் போகுது"

நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கை வைத்துப் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, துணி போட்டு, அரைச்சுற்றுச் சுற்றி ஆவியை விட்டுத் திறவுங்கள்.

காரணம் பெரும்பாலும் புழுதி. கிரவல் புழுதியும் கசிந்த ஒயிலும் சேர்ந்து ரேடியேட்டர் இடுக்கில் களிமண் ரொட்டி மாதிரி இறுகிவிடும். முன்னால் பார்த்தால் சுத்தமாகவே தெரியும். கூலரை விலக்கி நடுவில் டோர்ச் அடித்தால்தான் உண்மை புரியும். காற்று போகும் திசைக்கு எதிரே இருந்து ஊதுங்கள். அழுத்தம் கூடிய தண்ணீரை நேரே அடித்தால் தகடுகள் மடிந்து, பிறகு எந்தக் காலத்திலும் காற்றுப் போகாது. பெல்ட் தளர்வையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

"வைப்ரேஷன் இல்ல", "வைப்ரேஷன் சீட்டுக்கு வருது"

இரண்டும் வேறு வேறு நோய்.

ட்ரம்முக்குள் ஒரு தண்டு, அதில் ஒருபக்கம் கனத்த எடைகள். தண்டு வேகமாகச் சுற்றினால் எடைகள் ட்ரம்மை உதறும். ஒரு பக்கம் சுற்றினால் எடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய உதறல். மறுபக்கம் சுற்றினால் ஒன்றையொன்று குறைத்துச் சின்ன உதறல். பத்துப் பன்னிரண்டு தொன் மண் ரோலரில் பெரிய உதறல் சுமார் 1.8 மில்லிமீற்றர், நொடிக்கு முப்பது தடவைக்குக் கிட்ட. சின்னது அதில் ஏறக்குறையப் பாதி உயரம், கொஞ்சம் கூடிய வேகம். இதைத் தெரிந்து வைத்தால் கோளாறு பாதி பிடிபட்ட மாதிரி. பெரியது வருகிறது, சின்னது வரவில்லை என்றால் தண்டும் மோட்டரும் நல்லாயிருக்கின்றன, வால்வை மின்சாரத்தால் அசைக்கும் சொலினொய்ட் அல்லது அதன் வயரில்தான் சிக்கல். இரண்டு சொலினொய்டின் பிளக்கையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு இடம் மாறினால் வயர்ப் பக்கம், மாறாவிட்டால் சொலினொய்ட் அல்லது வால்வுப் பக்கம். இரண்டுமே இல்லையென்றால் பியூஸ், லீவரின் பொத்தான், கடைசியில் மோட்டருக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கப்ளிங்.

சீட் உதறுகிறது, ஹெட்லைட் பல்ப் அடிக்கடி போகிறது, போல்ட்கள் தானாகக் கழல்கின்றன என்றால் ட்ரம்மையும் பிரேமையும் பிரிக்கும் ரப்பர் மவுண்ட்களைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் உள்ளவற்றில் நாலில் ஒன்றுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீற்றரை விட ஆழமாக வெடித்திருந்தால் அந்தத் தொகுதியையே மாற்றுவதுதான் முறை. ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் புதுசு பாரத்தைத் தாங்கிச் சீக்கிரம் கிழியும்.

ட்ரம் பக்கவாட்டில் பெயாரிங் இருக்கும் இடம் சுடுகிறதா? வெறுங்கையை வைக்காமல் வெப்பமானி துவக்கைப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிட்டால் வித்தியாசமே பதில் சொல்லும். இங்கேயும் அதே கேள்வி: ட்ரம் ஒயிலை யார் மாற்றியது? குறைந்தால் பெயாரிங் எரியும் என்று எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் ஒயிலைக் கடைந்து கடைந்து சூடேறும், சீல் வழியே தள்ளும். "கொஞ்சம் கூட ஊத்தினா நல்லதுதானே பாஸ்" என்று ஒரு உதவிப் பையன் என்னிடம் கேட்டான். மட்டத் திருகு வரை மட்டும்தான், தம்பி.

நின்ற இடத்தில் வைப்ரேஷன் போட்டுச் சோதிக்காதீர்கள். வண்டி நகரத் தொடங்கிய பிறகு போட்டு, நிறுத்துவதற்கு முன் அணைப்பதுதான் பழக்கமாக வேண்டும். கொங்கிரீட் மேல் போடவே கூடாது. உதறல் முழுக்கத் திரும்பி வந்து பெயாரிங்கைத்தான் அடிக்கும். புறக்கோட்டை, செட்டியார் தெரு மாதிரிப் பழைய சுவர்கள் ஒட்டி நிற்கும் சந்துகளிலும் பெரிய உதறல் வேண்டாம். நிலத்துக்குக் கீழே யார் காலத்துக் குழாய் கிடக்கிறதோ தெரியாது. உதறலை அணைத்துக் கூடுதல் தடவை ஓடுங்கள். நேரம் போகும், போகட்டும்.

"ஹோஸ் எங்கேயோ கசியுது"

கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை அளவு கசிவிலிருந்து வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு கட்டை நுனியில் கார்ட்போர்ட் மட்டையைப் பிடித்துக் காட்டுங்கள், ஈரப்புள்ளி விழும் இடம்தான் கசிவு.

அப்படி யாருக்காவது ஏறிவிட்டால் காயம் நுளம்பு கடித்த மாதிரி இருக்கும். நோவும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். "கழுவினால் சரி" என்று சொல்லும் ஆளைக் கேட்காமல் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது நேரே தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். உள்ளே போனது அழுத்தத்தோடு வந்த ஹைட்ரோலிக் ஒயில் என்று டொக்டரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். சத்திரசிகிச்சை அவசரமாகத் தேவைப்படும் காயம் அது.

"தார் ட்ரம்மில ஒட்டுது"

ட்ரம்முக்குத் தண்ணீர் தெளிக்கும் நொசில் அடைப்பு. தண்ணீர்த் தாங்கிக்கு ஓடைத் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேளுங்கள். நொசிலைக் கழற்றி ஊதி, வலையைக் கழுவி, ஒட்டியதை வழிக்கும் ஸ்க்ரேப்பர் ட்ரம்மைச் சமமாகத் தொடுகிறதா என்று பாருங்கள். டயர் ரோலரில் ஒட்டினால் டயர் இன்னும் குளிராக இருக்கிறது. ஓரத்தில் ஓட்டிச் சூடாக்கிய பிறகு தார் மேல் ஏற்றுங்கள், கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் போதும். டீசல் தெளிப்பதை மட்டும் விடுங்கள். தாரைக் கரைப்பதே டீசலின் வேலை. இன்று ஒட்டாமல் இருக்கும், மூன்று மாதத்தில் அந்த இடத்தில் குழி விழும்.

ட்ரம் கோடு விழுந்தால் சூடான தாரின் மேல் எங்கேயோ நின்றிருக்கிறீர்கள். காலி வீதியில் இரவு வேலை நடக்கும்போது போன் வந்தால் அப்படியே நிறுத்திப் பேசும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தப் பள்ளத்தை விடியற்காலையில் எந்த ரோலராலும் எடுக்க முடியாது. தார் 80 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறிய பிறகு எத்தனை தடவை ஓடினாலும் கல்தான் உடையும்.

"எவ்வளவு ஓடினாலும் மண் இறுகுதில்ல"

இந்தப் புகாருக்கு ஸ்பேனர் வேண்டாம். மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடிந்தால் தண்ணீர் காணாது. கையில் ஈரம் ஒட்டினால் கூடிவிட்டது. ஐப்பசி மாதத்துப் பின்னேர மழைக்குப் பிறகு கொழும்பில் அநேகமாக இரண்டாவதுதான். ட்ரம்முக்கு முன்னால் மண் அலையாக எழும்பிப் பின்னால் தாழ்ந்தால் நிறுத்துங்கள், அடியில் சேறு. வெல்லம்பிட்டி, வத்தளைப் பக்கம் சதுப்பை நிரப்பிய காணிகளில் இதை அடிக்கடி காணலாம். அங்கே பெரிய உதறல் போட்டால் கீழேயுள்ள தண்ணீர்தான் மேலே வரும். இஞ்சினியர் சேரிடம் சொல்லி அந்த மண்ணை அள்ளி மாற்றுவது தவிர வழி இல்லை. ஒப்பரேட்டர் தானாக முடிவெடுத்து இன்னும் இருபது தடவை ஓடினால் டீசல் மட்டும்தான் குறையும்.

ஓரமும் லோபெட்டும்

தெமட்டகொடை, கிருலப்பனை ஓடைக்கரைகளில் வேலை என்றால் ஒரே விதி: ட்ரம்மின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது ஏற்கெனவே இறுகிய மண்ணின் மேல் இருக்க வேண்டும். ஓரம் ஈரமாயிருந்தால் இன்னும் உள்ளே வாருங்கள். பாதுகாப்புக் கூண்டுள்ள வண்டியில் பெல்ட் கட்டியே இருங்கள். வண்டி சாயும்போது குதிக்கத்தான் மனம் சொல்லும். குதித்தவர் மேல்தான் அந்தக் கூண்டு விழும்.

ரோலரைச் சுமந்து போகும் தாழ்தட்டு வண்டியான லோபெட்டில் ஏற்றும்போது மழை பெய்தால் காத்திருங்கள். இரும்பு ட்ரம், இரும்புப் பலகை, நடுவில் தண்ணீர். சவர்க்காரத்தில் கால் வைத்த மாதிரிச் சறுக்கும். பலகையைத் துடைத்து, பழைய டயர்ப் பட்டையோ மரப் பலகையோ விரித்து, நேராக, மெதுவாக, உதறல் இல்லாமல் ஏற்றுங்கள். சைகை காட்டும் ஒருவர் போதும், அவரும் பக்கவாட்டில் நிற்கக் கூடாது. ஏற்றியதும் கட்டைகள், சங்கிலி, இடுப்பில் லொக் பின்.

"ஸ்டியரிங் இறுகிட்டுது"

ஒயில் மட்டம் பார்க்கலாம், சிலிண்டர் புஷ் பார்க்கலாம், கிறீஸ் இல்லாமல் இடுப்பு மூட்டு காய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கெல்லாம் முன்னால் நேற்று வண்டி லோபெட்டில் வந்ததா என்று கேளுங்கள். அவிசாவளைக்காரத் தம்பி ஒருவன் போன வருடம் இதே புகாரோடு போன் செய்தான். அரைமணி நேரமாக ஸ்டியரிங்கை இழுத்துப் பார்த்து வியர்த்துப் போயிருந்தான்.

"லொக் பின் எங்க இருக்கு, தம்பி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வண்டியை விட்டு இறங்கும் சத்தம், கிரவலில் செருப்புச் சத்தம், இரும்பை இரும்பு உரசி வெளியே வரும் ஒரு கீச்.

"சரி அண்ணே. நீங்க வர வேணாம்."